கண் கூசுதல் யாருடைய வினை?

தமிழில் ‘கூசு’ என்பது விந்தையான ஒரு வினைச்சொல். புளியங்காயைக் கடித்தால் பல் கூசுகிறது. உள்ளங்காலைத் தொட்டால் உடல் கூசுகிறது. அறிமுகமில்லாதவர் நடுவே பேச நாக்கூசுகிறது. பிறர் பொருளில் கைவைக்க மனம் கூசுகிறது. எதிரே வரும் காரின் முகப்பு விளக்கு முகத்தில் விழும்போது கண் கூசுகிறது. ஐந்து இடங்களிலும் சுருங்கிப் பின்வாங்குவது நம் உறுப்புகளுள் ஒன்று, அல்லது நம் மனம். அவ்வாறு பின்வாங்கச் செய்தது யார், எது என்பது வாக்கியத்துக்குள் வரவேண்டிய கட்டாயம் எங்கும் இல்லை. ‘எனக்குக் கண் கூசுகிறது’ என்பது குறையேதுமற்ற முழு வாக்கியம்.

இலக்கணத்தில் இதனைத் தன்வினை என்போம். ஓடு–ஓட்டு, திரும்பு–திருப்பு, அடங்கு–அடக்கு எனப் பல தன்வினைகளுக்கு நேர் இணையாகப் பிறவினை உண்டு. ‘கூசு’ என்பதற்கு அத்தகைய இணை இன்றைய வழக்கில் இல்லை. ‘கூசச் செய்’, ‘கூச வை’ என்று இன்னொரு வினையைத் துணைக்கு அழைத்தே அப்பொருளைச் சொல்ல முடியும். முதுகலை வகுப்பில் இதை ஒரு சிறு விதிவிலக்காகக் குறித்துக்கொண்டு கடந்துபோனேன். கொல்கத்தாவின் இரவுச் சாலைகளில் ஈராண்டுகள் ஸ்கூட்டர் ஓட்டிய பிறகு, அந்தக் குறிப்பு வேறொரு கேள்வியாக வளர்ந்துவிட்டது. கண் கூசுவதை நாம் கண்ணின் குறையாகவே நடத்தி வருகிறோம். கூசச் செய்த விளக்கை வாக்கியத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். அதைப் பற்றியதே இப்பதிவு. சற்று நீளமானது, பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

என் முனைவர்பட்ட ஆய்வு, தெற்குக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சுமொழி குறித்தது. சுருக்கெழுத்தாளர்களாகவும் கணக்கர்களாகவும் இந்நகருக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். பெரியவர்கள் பேச இசைவது பெரும்பாலும் மாலைச் சிற்றுண்டிக்குப் பிறகுதான். ஒலிப்பதிவு முடிய இரவு ஒன்பதைத் தாண்டிவிடும். அங்கிருந்து ராஷ்பிஹாரி அவென்யூ வழியாக கடியாஹாட், பிஜோன் சேது, கஸ்பா, ரூபி சந்திப்பு. பிறகு கிழக்குப் பெருநகரப் புறவழிச்சாலையில் வடக்கே திரும்பி, சயன்ஸ் சிட்டியைக் கடந்து, சால்ட் லேக்கில் நான் தங்கியிருக்கும் அறை. பகலில் இந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். இரவில் அதனை எண்ணினாலே தோள்கள் இறுகும்.

என் தகவலாளிகளுள் ஒருவர் எழுபதைக் கடந்த பெரியவர். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொல்கத்தாவில் கார் ஓட்டியவர். அவருடைய மகள் வீடு சால்ட் லேக்கில் இருக்கிறது. சனிக்கிழமை மாலையில் புறப்பட்டுப் போய், பேத்தியுடன் உண்டு, இரவு திரும்புவது அவருடைய நெடுநாள் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அதை நிறுத்திவிட்டார். எதிர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றதும், வீட்டில் எல்லாரும் அவரைக் கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். புரை நீக்கி லென்ஸ் பொருத்தப்பட்டது. பகலில் நாளிதழின் சிற்றெழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. இரவுச் சாலை மட்டும் மாறவில்லை. இதைப் பற்றி அவர் சொன்ன வாக்கியம் என் ஒலிப்பதிவில் இருக்கிறது: “கண் நன்னாத்தான் இருக்கு. ராத்திரிதான் சரியா இல்லை.”

ஆய்வுக்காக அந்த ஒலிப்பதிவை எழுத்தில் பெயர்த்தபோது அந்த இடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன். பத்துப் பேர் அவருடைய கண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கையில், எழுவாயை மாற்றிப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

கண்ணுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். கண்ணில் விழும் ஒளி முழுவதும் ஒழுங்காகக் குவிந்து விழித்திரையை அடைவதில்லை. ஒரு பகுதி கருவிழிப்படலத்திலும் லென்ஸிலும் பட்டுச் சிதறி, விழித்திரை முழுவதன் மீதும் மெல்லிய திரைபோலப் படிகிறது. அந்தத் திரைக்கு அப்பால் இருக்கும் மங்கலான உருவங்கள் மறைந்துபோகின்றன. விளக்கு கண்ணைவிட்டு அகன்ற பிறகும், இருளுக்குக் கண் மீண்டும் பழகச் சில நொடிகள் தேவைப்படுகின்றன. வயது ஏற ஏறச் சிதறலும் கூடும்; மீளும் நேரமும் நீளும். ஒளியியலாளர் இதில் இரண்டு வகை பிரிப்பார்கள். ஒன்று பார்வைத் திறனையே குறைக்கும் கூச்சம். மற்றொன்று பார்வை குறையாமலே துன்பம் மட்டும் தரும் கூச்சம். நீலம் மிகுந்த வெண்ணொளி, அதே அளவு மஞ்சளொளியைவிட இந்த இரண்டாம் வகைத் துன்பத்தை அதிகம் தருகிறது. ஆகவே, வயதான கண்ணுக்குத் தொல்லை கூடுதல் என்பது உண்மைதான். எனினும் திரையைப் போடுவது வெளியிலிருந்து வரும் ஒளி. எந்த வயதுக் கண்ணும் அதற்கு விலக்கன்று.

எனக்கு இருபத்தெட்டு வயது, கண்ணாடி அணிவதில்லை. சென்ற குளிர்காலத்தில் ஓரிரவு, புறவழிச்சாலையிலிருந்து பிரியும் இருவழிச் சாலை ஒன்றில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே உயரமான வெள்ளை வண்டி ஒன்று வந்தது. அதன் ஒளி விழுந்ததும் சாலையின் இடப்புறம் முழுவதும் வெண்மையாகிவிட்டது. அது கடந்த மறுகணம், எனக்கு முன்னே கைநீட்டினால் தொடும் தொலைவில் ஒரு சைக்கிள் வேன். தாபா பக்கத்துக் காய்கறித் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோசு ஏற்றிப் போகும் மூன்று சக்கர வண்டி. பின்னால் விளக்கில்லை. ஓட்டுபவர் மூங்கில்நிறச் சால்வை போர்த்தியிருந்தார். வண்டியை ஒடித்தேன், கண்ணாடி அவர் சரக்கை உரசியதோடு போயிற்று. அவர் திரும்பிப் பார்த்து ஒரு சொல்லும் பேசாமல் மிதித்துக்கொண்டு போனார்.

பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர். கண் இரண்டு நொடிகள் திரைக்குள் இருந்தால் 22 மீட்டர் தொலைவை நான் பார்க்காமல் கடந்திருக்கிறேன். அந்த 22 மீட்டரில் எங்கோ அவர் இருந்தார். வெள்ளை வண்டியின் ஓட்டுநருக்கு இதில் எதுவும் தெரிந்திருக்காது. அவருக்குச் சாலை பட்டப்பகல்போல் இருந்திருக்கும்.

விளக்கின் பக்கம் வருவோம். பழைய ஹாலஜன் பல்பின் ஒளி ஏறத்தாழ 3200 கெல்வின் நிற வெப்பநிலை கொண்ட மஞ்சள். இன்றைய எல்.இ.டி. முகப்பு விளக்குகள் பெரும்பாலும் 5500 கெல்வினுக்கு மேல் உள்ள வெண்மை. அதைவிட முக்கியமானது, ஒளி புறப்படும் பரப்பு மிகச் சிறிது என்பது. ஒரே அளவு ஒளி சிறு பொட்டிலிருந்து வந்தால், அந்தப் பொட்டு கண்ணை ஊசிபோல் குத்தும். அடுத்தது உயரம். எளிய கணக்கு ஒன்றைப் பாருங்கள். தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கின் தாழ்ஒளி, மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் வீதம் கீழ்நோக்கிச் சரிவதாகக் கொள்வோம். 20 மீட்டர் தொலைவில் அதன் மேல்விளிம்பு 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். சிறிய காரில் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்குக் கீழே. பின்னிருக்கையில் மூவரும் டிக்கியில் பெட்டிகளும் ஏறி, வண்டியின் மூக்கு ஒரே ஒரு பாகை மேலே தூக்கினால், அந்த விளிம்பு 35 சென்டிமீட்டர் உயர்ந்து 1.15 மீட்டருக்கு வந்துவிடும். ஏறத்தாழ எதிர்க்காரின் ஓட்டுநர் கண் இருக்கும் உயரம் அது. மேம்பாலத்தின் முதுகும் வேகத்தடையும் இதே வேலையை ஒரு கணத்தில் செய்யும்.

இதற்கு மேல், ஹாலஜனுக்காக வடிவமைத்த விளக்குக் கூட்டுக்குள் கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பைச் செருகிக்கொள்வோர் பலர். கஸ்பாவில் என் ஸ்கூட்டரைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குக்கு இந்த வழக்கம் அறவே பிடிக்காது. பழைய பல்பில் இழை எந்த இடத்தில் இருக்குமோ அதை வைத்தே பின்னாலுள்ள பிரதிபலிப்புக் கிண்ணத்தை வளைத்திருக்கிறார்கள். ஒளிப்புள்ளி சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கிண்ணம் அதனை எங்கெங்கோ வீசிவிடும் என்று ஒரு பல்பைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார். அவருடைய பட்டறைச் சுவரில் சுண்ணக்கட்டியால் போட்ட கிடைக்கோடு ஒன்று உண்டு. வண்டியைச் சுவர் நோக்கி நிறுத்தி, விளக்கின் திருகைத் திருப்பி, ஒளியின் விளிம்பை அந்தக் கோட்டுக்குக் கீழே கொண்டுவருவார். “ஆலோ ராஸ்தார் ஜோன்னோ, முகேர் ஜோன்னோ நய்” என்றார். வெளிச்சம் சாலைக்கு, முகத்துக்கு அன்று.

அவர் சுண்ணக்கட்டியால் எழுதியதைச் சட்டம் எண்களால் எழுதியிருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதியைத் தேடி வாசித்தேன். விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், அதன் வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒரு கண் இருப்பதாக அவ்விதி கற்பனை செய்துகொள்கிறது. அந்தக் கண்ணை உடைய எவரையும் கூசச் செய்யாதவாறு ஒளி கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும். அல்லது ஓட்டுநர் அவ்வாறு தாழ்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். மொழியியல் மாணவராக என்னைக் கவர்ந்தது அதன் வாக்கிய அமைப்பு. அங்கே விளக்கு எழுவாய், மனிதர் செயப்படுபொருள், வினை, பிறவினை. எதிரில் இருப்பவரின் வயது என்ன, புரை உண்டா, கண்ணாடி அணிந்தவரா என்று விதி கேட்கவில்லை. எவராயினும் சரி, அவரைக் கூசச் செய்யாமலிருப்பது விளக்கின் கடமை. நம் அன்றாடத் தமிழ் வெளியே விட்டதைச் சட்டத்தின் மொழி உள்ளே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. ஆனால் அந்தக் கற்பனைக் கண், 1.15 மீட்டர் உயரத்தில் சிறிய காருக்குள் இருக்கும் கண்ணைவிட மேலே இருக்கிறது. குழந்தையின் கண் இன்னும் கீழே. வண்டிகள் உயர உயர, இந்த வேறுபாடு பெரிதாகிறது.

மொழி நம் சிந்தனையை முற்றாக ஆள்கிறது என்று நான் வாதிடவில்லை. வங்காளத்தில் ‘சோக் தாந்தியே ஜாய்’ என்கிறார்கள். ‘தாந்தா’ என்றால் விடுகதை என்றும் பொருள். தமிழ்க் கண் நாணுகிறது. வங்கக் கண் விடுகதைக்குள் மாட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தின் ‘கிளேர்’ என்ற சொல்லுக்குக் கண்கூசும் ஒளி என்றும், சினந்து முறைத்தல் என்றும் இரு பொருள் உண்டு. அங்கே முறைப்பது ஒளி. ஆனால் ஆங்கிலம் பேசும் நாடுகளின் சாலைகளிலும் இதே முறையீடு இருக்கிறது. பேச்சு வழக்கைக் கேட்டால் படம் மேலும் மாறுகிறது. தமிழ்நாட்டு ஓட்டுநர் ‘கண் கூசுது’ என்பதோடு நிற்பதில்லை. ‘மூஞ்சியில லைட் அடிக்கிறான்’ என்கிறார். கொல்கத்தா ஓட்டுநரும் ‘லைட் மார்ச்சே’ என்கிறார். அடி, மார், இரண்டும் தாக்குதலைக் குறிக்கும் செயப்படுபொருள் குன்றா வினைகள். அடிப்பவன் யார் என்பதில் தெருவின் மொழிக்கு ஐயமே இல்லை. அதே செய்தியை நாம் எழுத்துத் தமிழுக்கு உயர்த்தும்போது ‘கண் கூச்சம்’ என்ற பெயர்ச்சொல்லாகிறது. அடித்தவன் காணாமல் போகிறான்.

இரவுச் சாலையில் வண்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒளி ஒன்றே மொழி. லாரிகளின் முதுகில் ‘இரவில் டிப்பர் பயன்படுத்தவும்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாழ்த்து என்று பொருள்பட்ட சொல், நம் சாலைகளில் ஒளியை ஏற்றி இறக்கிச் சைகை காட்டுவது என்று பொருள் மாறிவிட்டது. அந்தச் சைகைக்கும் ‘நான் வருகிறேன், நில்’, ‘நீங்கள் போகலாம்’, ‘அங்கே காவலர் நிற்கிறார்’ எனச் சூழலுக்கேற்பப் பல பொருள்கள். ஆனால் ஒளியைத் தாழ்த்தி அப்படியே வைத்திருத்தல் என்பதற்கு ஒரே பொருள்தான்: எதிரே ஒருவர் இருக்கிறார் என்று நான் அறிவேன். நம் இலக்கணம் அவரை முன்னிலை என்கிறது, முன்னே நிற்பவர். வங்காளத்தில் முன்னிலைக்கு ஆப்னி, துமி, துயி என மூன்று படிகள். அறிமுகமில்லாத பெரியவரைத் ‘துயி’ என்றழைக்க இந்நகரில் எவருக்கும் துணிவு வராது. அதே மனிதர்கள் தெருவிளக்குகள் நிறைந்த புறவழிச்சாலையில், உயர்ஒளி தேவையே இல்லாத இடத்தில், அதனை அணைக்காமல் எதிரே வருகிறார்கள்.

இப்போது அந்த ஒரே மரியாதைச் சொல்லும் குழம்பிவிட்டது. புதிய வண்டிகள் பலவற்றில் தாழ்ஒளியே பழைய உயர்ஒளிபோல் தெரிகிறது. தாழ்த்தித்தான் வருகிறார், நமக்கு அது தெரிவதில்லை. நாம் சினந்து ஒளியை அடிக்கிறோம். தாம் ஒழுங்காகவே வருவதைக் காட்ட அவர் உண்மையான உயர்ஒளியை ஒருமுறை அடித்துக் காட்டுகிறார். இரண்டு பேரும் மரியாதையானவர்கள். இரண்டு பேருக்கும் கண் கூசுகிறது. ஆகவே இதனைத் தனிமனிதப் பண்பின் குறை என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. விளக்கின் வடிவமும், அது பொருத்தப்படும் உயரமும், ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் கோணத்தை யார் சோதிக்கிறார்கள் என்பதும் சேர்ந்தே இதனைத் தீர்மானிக்கின்றன.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நல்ல விளக்கு உயிர் காக்கிறது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2016 முதல் முகப்பு விளக்குகளைத் தரம்பிரித்து வருகிறது. மோசமான விளக்குள்ள கார்களோடு ஒப்பிடுகையில், ‘நன்று’ என்ற தரம் பெற்ற விளக்குள்ள கார்களில் இரவில் பாதசாரிகள் மீது மோதும் விபத்துகள் 23 விழுக்காடு குறைவு என்று 2021இல் அந்நிறுவனம் தெரிவித்தது. ஆனால் அந்தத் தரம்பிரிப்பில், எதிரே வருபவரை அளவுக்கு மீறிக் கூசச் செய்யும் விளக்குக்கு ‘நன்று’ கிடைக்காது. சாலைக்கு ஒளி, முகத்துக்கு இருள் என்ற கஸ்பா மெக்கானிக்கின் விதி அங்கும் செல்லுபடியாகிறது. எதிரே வரும் வண்டி இருக்கும் பகுதியை மட்டும் தானே மங்கச் செய்யும் தகவமைவு விளக்குகள் ஐரோப்பாவில் முன்பே வந்துவிட்டன. அமெரிக்கா 2022இல் அனுமதித்தது. விலை உயர்ந்த வண்டிகளின் வழியே அவை இங்கும் வருகின்றன.

ஆயினும் நம் சாலையில் எதிரே இருப்பது பெரும்பாலும் இன்னொரு கார் அன்று. ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்கின்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். எல்லா இறப்புக்கும் ஒளி காரணமன்று. ஆனால் காருக்கு வெளியே, கண்ணாடித் தடுப்பில்லாமல், தம் பக்கம் போதிய விளக்கும் இல்லாமல் சாலையில் இருப்பவர்கள் யார் என்பதை இவ்வெண்கள் சொல்கின்றன. சைக்கிள் வேன்காரருக்கு எதிரொளியும் தொல்லை. எதிரொளியால் குருடான என்னைப் போன்றவரும் ஆபத்து. அவரிடம் தாழ்த்துவதற்கு ஒரு விளக்குகூட இல்லை.

வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஓரிரு செய்திகள். பல கார்களில் ஓட்டுநர் இருக்கைக்கு அருகே 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு திருகு ஒன்று இருக்கும். பின்னால் சுமை ஏறும்போது எண்ணைக் கூட்டினால் ஒளி தாழும். அது எதற்கென்று என் நண்பர்களுள் கார் வைத்திருக்கும் ஐவரிடம் கேட்டேன், ஒருவருக்கே தெரிந்திருந்தது. வண்டியைப் பராமரிப்புக்கு விடும்போது விளக்கின் கோணத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சுவரும் ஒரு கோடும் போதும். ஹாலஜன் கூட்டுக்குள் எல்.இ.டி. பல்பைச் செருகாதீர்கள். பல்கலைக்கழகங்களில் இருப்போர், உங்கள் வளாகப் பேருந்துகளிலிருந்து இதனைத் தொடங்கலாம். தகுதிச் சான்று வழங்கும் இடங்களில் ஒளியின் கோணம் கருவியால் அளக்கப்பட வேண்டும் என்று கேட்பது நம் அனைவரின் உரிமை.

அந்தப் பெரியவர் இப்போது ஞாயிறு காலையில் மகள் வீட்டுக்குப் போய், மாலை நான்கு மணிக்கெல்லாம் திரும்பிவிடுகிறார். பேத்திக்கு ஞாயிறு காலையில் நடன வகுப்பு. இருவரும் சேர்ந்திருக்கும் நேரம் ஒன்றரை மணியாகச் சுருங்கிவிட்டது. லேக் மார்க்கெட்டுக்கும் சால்ட் லேக்குக்கும் இடையிலான தொலைவு மாறவில்லை. அவருடைய நகரம் மட்டும் சூரியன் மறையும்போது மூடிக்கொள்கிறது. இதை யாரும் விபத்துக் கணக்கில் எழுதமாட்டார்கள்.

‘கூசு’ என்ற வினையின் எதிர்மறை எச்சத்தை மட்டும் தமிழ் எப்போதும் செய்பவர் மீதே ஏற்றிச் சொல்கிறது: மனம் கூசாமல், வாய் கூசாமல். அங்கே தவறு யாருடையது என்பதில் நம் மொழிக்குக் குழப்பமில்லை. எதிரே இருப்பவரின் கண்ணைக் கூசச் செய்துகொண்டு, தாம் சற்றும் கூசாமல் ஓட்டிச் செல்வதற்கு உங்கள் ஊரில் தனிச்சொல் ஏதும் உண்டா? யாழ்ப்பாணத்தில், மலேசியாவில், நாஞ்சில் நாட்டில், கொங்குப் பகுதியில் ஓட்டுநர்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன். எழுவாயோடு கூடிய முழு வாக்கியமாக அனுப்பினால் என் தொகுப்புக்கு மிகவும் உதவும்.